சிக்கன் கட்சு: ஜப்பானிய மொறுமொறுப்பை வீட்டு அடுப்பில் கொண்டுவருவதற்கான முழுமையான வழிகாட்டி

எலும்பில்லாத கோழிக்கறியைத் தட்டையாக அறுத்து, மைதா, முட்டை, பான்கோ எனும் ரொட்டித்துருவல் ஆகிய மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் பூசி, எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து, பச்சை முட்டைக்கோஸ் சீவலோடும் சுடுசோற்றோடும் பரிமாறுவதே சிக்கன் கட்சு. கறியைக் கொத்தி உருளைக்கிழங்கோடு பிசைந்து தட்டுகிற நம்மூர் கட்லெட் வேறு. இங்கே கறி முழுத் துண்டாகவே இருக்கும். மசாலா எதுவும் கிடையாது, ஊறவைக்கும் நேரமும் இல்லை. பொருள்கள் இவ்வளவு குறைவாக இருப்பதால் செய்முறையில் நேரும் ஒவ்வொரு தவறும் தட்டில் அப்படியே தெரியும். எனவே ஒவ்வொரு படிக்கும் உரிய காரணத்தையும் சேர்த்தே இங்கு விளக்குகிறேன்.

இந்த உணவு ஜப்பானில் பேரரசர் மெய்ஜி ஆண்ட காலத்தில் உருவான மேலைநாட்டுப் பாணிச் சமையலின் வழி வந்தது. நெடுங்காலம் இறைச்சியைப் பெரிதும் விலக்கியிருந்த அந்நாட்டில் 1872ஆம் ஆண்டு பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்டது வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் நகரங்களில் ஐரோப்பிய உணவுகளைத் தங்கள் நாவுக்கேற்ப மாற்றிச் சமைக்கும் உணவகங்கள் பெருகின. டோக்கியோவின் கின்சா பகுதியில் 1895இல் தொடங்கப்பட்ட ரெங்காதேய் உணவகம், வாணலியில் வெண்ணெய் விட்டுப் புரட்டியெடுக்கும் ஐரோப்பிய முறையைக் கைவிட்டு, மாவுக்கரைசலில் தோய்த்துப் பொரிக்கும் ஜப்பானியத் தெம்புராவைப் போல நிறைந்த எண்ணெயில் பன்றிக்கறியைப் பொரித்து 1899இல் பரிமாறத் தொடங்கியது என்று அதன் வரலாறு கூறுகிறது. பச்சை முட்டைக்கோஸ் சீவலைத் துணையாக வைக்கும் வழக்கத்தையும் அதே உணவகத்தோடு தொடர்புபடுத்துவர். பன்றிக்கறியில் செய்யும் டொன்கட்சுவுக்கென்றே தனிக்கடைகள் பின்னாளில் தோன்றின. கோழியில் செய்யும் கட்சு வீட்டுச் சமையலறைகளிலும் மதிய உணவுப் பெட்டிகளிலும் நிலைபெற்றது.

செய்முறையின் மையம் ஈரம்தான். கறிக்குள் இருக்கும் நீர் உள்ளேயே தங்க வேண்டும். கறியின் மேற்பரப்பில் நீர் இருக்கவே கூடாது. பொரியும்போது கிளம்பும் நீராவி மேலோட்டினூடே தடையின்றி வெளியேற வேண்டும். பின்வரும் படிகள் எல்லாம் இம்மூன்றில் ஏதேனும் ஒன்றுக்காகவே உள்ளன.

தேவையானவை

நான்கு பேருக்கு எலும்பும் தோலும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி 500 கிராம் போதும். பெரும்பாலும் இரண்டு துண்டுகளாகக் கிடைக்கும். உப்பு 4 முதல் 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. இது கறியின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு. சாஸிலும் உப்பு இருப்பதால் இதற்கு மேல் வேண்டாம். புதிதாகப் பொடித்த மிளகு அரைத் தேக்கரண்டி, மைதா 50 கிராம், பெரிய முட்டை இரண்டு, பான்கோ 100 முதல் 120 கிராம், பொரிக்க எண்ணெய் முக்கால் லிட்டர், முட்டைக்கோஸ் கால் பகுதி, எலுமிச்சை ஒன்று ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

இஞ்சி பூண்டு விழுதும் மிளகாய்த்தூளும் சேர்த்தால் என்ன என்ற எண்ணம் நம்மில் பலருக்கு எழும். சேர்த்தால் கிடைப்பது நல்ல பொரித்த கோழியாக இருக்கலாம், ஆனால் கட்சுவாக இராது. விழுது கறியின் மேற்பரப்பை ஈரமாக்கி மைதாவைக் களியாக்கிவிடும். மிளகாய்த்தூள் எண்ணெயில் எளிதில் கருகி மேலோட்டுக்குக் கசப்பைத் தரும். காரமும் புளிப்பும் இனிப்பும் சாஸிலும் கடுகிலும் இருந்து வரட்டும். கறிக்கு உப்பும் மிளகும் போதும்.

எண்ணெயில் அழுத்தமான மணம் இருக்கக் கூடாது. தேங்காய் எண்ணெயும் செக்கு நல்லெண்ணெயும் இதற்குப் பொருந்தா. சூரியகாந்தி எண்ணெயோ சுத்திகரித்த கடலை எண்ணெயோ போதுமானது. என் தேர்வு அரிசித் தவிட்டு எண்ணெய். ஜப்பானிலும் இது பொரிப்பதற்கு விரும்பிப் பயன்படுத்தப்படும் எண்ணெய்தான். சூட்டைத் தாங்கும், பொரித்த பண்டத்தில் கனமாகத் தங்காது.

பான்கோ: இதில் மட்டும் சமரசம் வேண்டாம்

கடைகளில் பிரெட் கிரம்ஸ் என்ற பெயரில் விற்கும் நைசான தூளையும் பான்கோவையும் ஒன்றென நினைத்துவிடக் கூடாது. ஜப்பானியத் தொழிற்கூடங்களில் பான்கோவுக்கான ரொட்டியைச் சுடும் ஒரு முறையில், மாவை இரு உலோகத் தகடுகளுக்கு இடையே வைத்து மின்சாரத்தைப் பாய்ச்சுவார்கள். மாவு உள்ளிருந்தே சூடேறி வேகும். வெளியிலிருந்து அனல் படாததால் பழுப்பு நிற மேற்பொருக்கு உருவாவதில்லை. அந்த வெள்ளை ரொட்டியை ஆறவிட்டு, பொடியாக அரைக்காமல் நீள்சில்லுகளாகப் பிய்த்து உலர்த்துவார்கள். சில்லுகளுக்கு இடையே காற்று இடைவெளி இருப்பதால் நீராவி எளிதில் வெளியேறும், எண்ணெயும் வடிந்துவிடும். நைசான தூளோ நெருக்கமாகப் படிந்து ஒரே தகடாக இறுகிவிடும். அதைக் கடிக்கும்போது கடினம்தான் தெரியும், மொறுமொறுப்பு வராது.

பான்கோ இப்போது பெரிய பல்பொருள் அங்காடிகளிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். ஒரு நாள் பழைய வெள்ளை ரொட்டித் துண்டுகளின் ஓரங்களை நீக்கி, உறைநிலைப் பெட்டியில் கெட்டியாகும்வரை வைத்து, காய்கறித் துருவியின் பெரிய துளைகளில் துருவுங்கள். துருவலைத் தட்டில் பரப்பி, ஓவனை 120 டிகிரி செல்சியஸில் வைத்து, நிறம் மாறாமல் பத்து நிமிடம் உலர்த்தினால் போதும். மிக்ஸியில் அரைப்பதைத் தவிருங்கள், தூளாகிவிடும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: நம் கடைகளில் கிடைக்கும் சாண்ட்விச் ரொட்டிகள் பலவற்றில் சர்க்கரை கூடுதல். சர்க்கரை மிகுந்த துருவல் விரைவில் சிவக்கும். கறி வேகும் முன்பே மேலோடு கருத்துவிடும். அத்தகைய ரொட்டியில் செய்த துருவலுக்கு எண்ணெயின் சூட்டை 5 முதல் 10 டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும்.

கடையில் வாங்கிய உலர்ந்த பான்கோ மிகவும் காய்ந்திருந்தால், பயன்படுத்துவதற்கு ஐந்து நிமிடம் முன்பு அதன்மேல் தெளிப்பானால் சிறிதளவு நீரைத் தூவிக் கையால் மெல்லக் கிளறிவிடுங்கள். ஜப்பானில் கட்சுக் கடைகள் பல உலர்த்தாத பச்சைப் பான்கோவையே பயன்படுத்துகின்றன. இவ்வாறு செய்தால் உலர்ந்த சில்லும் ஓரளவுக்கு அந்த மென்மையைப் பெற்று, முட்டையில் நன்றாக ஒட்டும், மெதுவாகச் சிவக்கும். 100 கிராம் பான்கோவுக்கு ஒரு மேசைக்கரண்டி நீர் போதும். விரல்களுக்கிடையே சில்லுகள் உதிர்ந்து விழ வேண்டுமேயன்றிக் கட்டிக்கொள்ளக் கூடாது.

கறியைத் தயார் செய்தல்

கோழியை மஞ்சள் போட்டுக் கழுவிய பிறகே சமைப்பது நம் வழக்கம். கழுவும்போது தெறிக்கும் நீர் கிருமிகளைச் சுற்றுப்புறத்தில் பரப்புகிறது; அவற்றை அழிப்பது சூடுதான். கழுவாமல் மனம் ஒப்பவில்லை என்றால் கழுவிய கறியை அரை மணி நேரம் சல்லடையில் வடியவிட்டு, சுத்தமான துணியால் இருபுறமும் அழுத்தித் துடைத்துவிடுங்கள். இங்கே மிஞ்சும் ஈரம்தான் பின்னர் மேலோட்டைக் கறியிலிருந்து பிரித்து எழுப்பும்.

நெஞ்சுக்கறி ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருக்கும். அப்படியே பொரித்தால் மெலிந்த முனை வறண்டு நாராகும் நேரத்தில்தான் தடித்த முனை வேகத் தொடங்கும். கறியின் அடியில் தனியாகத் தொங்கும் சிறு துண்டை முதலில் பிரித்தெடுத்து, அதில் ஓடும் வெள்ளை நரம்பை உருவிவிடுங்கள். அதையும் வீணாக்காமல் பொரிக்கலாம். பிறகு பெரிய துண்டைப் பலகையில் வைத்து, உள்ளங்கையால் மேலே மெல்ல அழுத்திக்கொண்டு, கத்தியைப் பலகைக்கு இணையாகப் பிடித்து, தடிமனை இரண்டாகப் பிளப்பதுபோல் அறுத்துத் தனித்தனி ஏடுகளாக்குங்கள். இரு நெஞ்சுத் துண்டுகளிலிருந்து நான்கு ஏடுகள் கிடைக்கும். ஒவ்வொன்றின் மீதும் பிளாஸ்டிக் தாளை விரித்து, சப்பாத்திக் கட்டையால் தடித்த இடங்களை மட்டும் தட்டி, எங்கும் ஒன்றேகால் சென்டிமீட்டர் தடிமன் வருமாறு சமப்படுத்துங்கள். இதைவிட மெலிதாக்கினால் மேலோடு சிவப்பதற்குள் கறி வறண்டுபோகும்.

தொடைக்கறியில் செய்வோருக்கு வேலை இன்னும் எளிது. கொழுப்புக் கட்டிகளையும் நரம்பையும் நீக்கி, தடித்த பகுதிகளில் கத்தியால் ஆழமில்லாத கீறல்கள் இட்டால் கறி சுருங்காது. சற்றுக் கூடுதல் நேரம் வெந்தாலும் தொடைக்கறி சாறு குறையாமல் இருக்கும் என்பதால் முதன்முறை செய்பவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன்.

உப்பையும் மிளகையும் இருபுறமும் சீராகத் தூவிப் பதினைந்து நிமிடம் வைத்திருங்கள். உப்பு இழுத்த நீர் சிறு முத்துகளாகக் கறியின்மேல் பூத்திருக்கும். காகிதத் துணியால் அதை முழுவதும் ஒற்றி எடுத்த பிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

மூன்று பூச்சுகள்

அகலமான மூன்று தட்டுகளை வரிசையாக வையுங்கள். முதல் தட்டில் மைதா. இரண்டாவதில் முட்டைகளை உடைத்து ஒரு தேக்கரண்டி எண்ணெயும் ஒரு தேக்கரண்டி நீரும் விட்டு அடியுங்கள். வெண்கரு திரளாகத் தொங்காமல் நீர்த்துப் பரவும்வரை அடிப்பது முக்கியம், இல்லாவிட்டால் சில இடங்களில் முட்டை அறவே ஒட்டாது. மூன்றாவதில் பான்கோவைத் தாராளமாகக் கொட்டிக் குவியலாக வையுங்கள்.

மைதா கறியின் மேற்பரப்பில் மிஞ்சிய ஈரத்தை உறிஞ்சி முட்டைக்குப் பிடிமானம் தருகிறது. அது மிக மெல்லிய படலமாக இருந்தால் போதும். கறியை மாவில் புரட்டியதும் இரு கைகளுக்கிடையே தட்டி உபரியை உதிர்த்துவிடுங்கள். மாவு தடித்துப் படிந்த இடங்களில்தான் பொரித்தபின் மேலோடு தனியாகக் கழன்று வருகிறது. அடுத்து முட்டையில் நனைத்து, தூக்கிப் பிடித்துச் சொட்டும்வரை காத்திருந்து, பான்கோவின் மேல் வையுங்கள். மேலேயும் பான்கோவை அள்ளிப் போட்டு மூடி, விரல்களை விரித்து உள்ளங்கையால் மென்மையாக அழுத்துங்கள். பலமாக அழுத்தினால் சில்லுகள் நொறுங்கிப் படிந்து, பான்கோ வாங்கியதன் பயனே போய்விடும். கறியைத் தூக்கிப் பார்த்தால் சில்லுகள் பல திசைகளில் குத்திட்டு நிற்க வேண்டும். ஓரங்களில் வெற்றிடம் தெரிந்தால் அங்கு முட்டையைத் தொட்டுப் பான்கோவை மீண்டும் ஒட்டுங்கள்.

ஒரு கை மாவுக்கும் பான்கோவுக்கும், மறு கை முட்டைக்கும் என்று ஒதுக்கிக்கொண்டால் விரல்களில் மாவு கட்டிக்கொள்ளாது. பூசி முடித்த துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் பத்து நிமிடம் தட்டில் விட்டுவிடுங்கள். மாவும் முட்டையும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ள இந்த நேரம் தேவை.

பொரித்தல்

அடி கனமான வாணலியில் எண்ணெய் குறைந்தது 3 சென்டிமீட்டர் ஆழம் இருக்கட்டும். சூடு 170 டிகிரி. சமையல் வெப்பமானி இருப்பது நல்லது; இல்லையென்றால் பான்கோவே சொல்லிவிடும். இரண்டு மூன்று சில்லுகளை எண்ணெயில் போடுங்கள். அடிவரை மூழ்கி மெல்ல எழுந்தால் சூடு போதவில்லை. பாதி ஆழம் சென்றவுடன் மேலெழுந்தால் 170 டிகிரியை எட்டியிருக்கிறது. மூழ்காமல் மேற்பரப்பிலேயே சிதறிப் பரவினால் 180 டிகிரியைத் தாண்டிவிட்டது. அடுப்பைத் தணித்துச் சற்றுக் காத்திருங்கள்.

துண்டின் ஒரு முனையைக் கையில் பிடித்து, மறுமுனை உங்களிடமிருந்து விலகி விழுமாறு எண்ணெயில் மெதுவாக இறக்குங்கள். எண்ணெயின் பரப்பில் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. வீட்டு வாணலியில் ஒரு முறைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் போட்டால் சூடு இறங்கி, நீராவி வெளியேறும் வேகம் குறைந்து, எண்ணெய் உள்ளே புகுந்துவிடும். முதல் ஒரு நிமிடம் அதைத் தொடவே கூடாது. அப்போது முட்டை இறுகவில்லை. கரண்டி பட்ட இடத்தில் மேலோடு உரிந்துவிடும்.

பிறகு கவனிக்க வேண்டியது குமிழிகளையும் ஓசையையும்தான். தொடக்கத்தில் பெரிய குமிழிகள் சடசடவென்று பொங்கும். கறியின் மேற்பரப்பு நீர் ஆவியாவதன் அடையாளம் அது. மூன்று நிமிடத்தில் அடிப்பக்கம் இளம்பொன்னிறமாகியிருக்கும், மெல்லத் திருப்பிப்போடுங்கள். மேலும் ஒன்றரை முதல் இரண்டு நிமிடத்தில் குமிழிகள் சிறுத்து, ஓசை மெலிந்து உயர்ந்த தொனிக்கு மாறும். துண்டும் இலேசாகி நன்றாக மிதக்கும். கடைசி இருபது விநாடிகளுக்குத் தீயைக் கூட்டி எடுத்தால் மேலோட்டில் தங்கிய எண்ணெய் குறையும். தொடைக்கறிக்கு மொத்தமாக ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாக வேண்டும். வெப்பமானி உள்ளவர்கள் கறியின் நடுப்பகுதி 74 டிகிரியை எட்டியதா என்று பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம். இல்லாதவர்கள் முதல் துண்டை நடுவில் வெட்டி, இளஞ்சிவப்பு இன்றிச் சாறு தெளிவாக வருகிறதா என்று பாருங்கள்.

துண்டைத் தூக்கும்போது எண்ணெய்க்கு மேலே செங்குத்தாகச் சில விநாடிகள் பிடித்து வடியவிட்டு, கம்பி வலைத்தட்டில் முடிந்தால் நிறுத்தியவாறு வையுங்கள். காகிதத்தின்மேல் படுக்கவைத்தால் அடியில் நீராவி சிக்கி, அத்தனை உழைப்பும் அரை நிமிடத்தில் ஊறிப்போய்விடும். மூன்று நான்கு நிமிடம் அப்படியே இருக்கட்டும். உள்ளே மிஞ்சிய சூடு பரவி நடுப்பகுதி வெந்து முடியும், சாறும் கறிக்குள் அடங்கும். அடுத்த துண்டைப் போடும் முன் எண்ணெயில் உதிர்ந்த சில்லுகளை ஜல்லிக்கரண்டியால் அரித்தெடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவை கருகி அடுத்தடுத்த துண்டுகளில் கரும்புள்ளிகளாக ஒட்டும்.

சாஸ், கடுகு, முட்டைக்கோஸ்

கட்சுவுக்கான கெட்டியான இனிப்புப் புளிப்புச் சாஸ் ஜப்பானில் புட்டியாகவே விற்கப்படுகிறது. புல்டாக் என்ற நிறுவனத்தின் சாஸ் பரவலாக அறியப்பட்டது. வீட்டில் செய்ய, தக்காளி கெட்சப் நான்கு மேசைக்கரண்டி, வூஸ்டர் சாஸ் இரண்டு மேசைக்கரண்டி, சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, துருவிய ஆப்பிள் ஒரு மேசைக்கரண்டி ஆகியவற்றைக் கலந்து சிறுதீயில் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். வூஸ்டர் சாஸின் மூலப்பொருள்களில் நம் புளியும் ஒன்று. அதனால்தான் அந்தச் சுவை நமக்கு உடனே பிடித்துப்போகிறது. வறுத்த வெள்ளை எள்ளைச் சிறு உரலில் ஒன்றிரண்டாகப் பொடித்து, பரிமாறும்போது சாஸில் கலந்தால் மணம் கூடும்.

ஜப்பானியக் கடுகான கராஷியும் நம் சமையலறைக் கடுகும் ஒரே தாவர இனத்தைச் சேர்ந்தவை. கடுகை நைசாகப் பொடித்துச் சலித்து, வெதுவெதுப்பான நீர் விட்டுக் குழைத்து, பத்து நிமிடம் மூடிவைத்தால் மூக்கில் ஏறும் காரம் கிடைக்கும். கொதிநீர் விட்டால் அந்தக் காரம் எழவே எழாது.

முட்டைக்கோஸைப் பச்சையாக உண்பதால் இலைகளைத் தனித்தனியாகப் பிரித்து உப்புநீரில் அலசுங்கள். நடுத்தண்டை நீக்கி, இலைகளை அடுக்கிச் சுருட்டி, நார்களுக்குக் குறுக்காக ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் சீவுங்கள். நாரோடு சேர்த்துச் சீவினால் மெல்லக் கடினமாக இருக்கும். சீவலைக் குளிர்நீரில் ஐந்து நிமிடம் போட்டெடுத்து நீரை முழுவதும் வடித்துவிடுங்கள். எண்ணெய்ப் பண்டத்தின் கனத்தைக் குறைத்து நாவைத் தெளிவாக்குவது இந்தச் சீவல்தான். எனவே ஒப்புக்குச் சிறிதளவு வைக்காமல் கட்சுவின் அளவுக்கே குவித்து வையுங்கள்.

நறுக்கிப் பரிமாறுதல்

குச்சிகளால் எடுத்து உண்ண வேண்டும் என்பதால் கட்சுவைச் சமையலறையிலேயே இரண்டு சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாக நறுக்கிவிடுவார்கள். கனமான கூரிய கத்தியை ரம்பம்போல் இழுக்காமல், மேலிருந்து ஒரே அழுத்தாக நேராகக் கீழே இறக்குங்கள்; மேலோடு உதிராது. சீவலைத் தட்டின் பின்புறம் குவித்து, அதன்மேல் சாய்ந்தவாறு கட்சுவை வைத்து, எலுமிச்சைத் துண்டையும் கடுகையும் ஓரத்தில் வையுங்கள். சாஸை முழுவதும் ஊற்றிவிடாமல் கிண்ணத்தில் தனியே தருவதையே நான் விரும்புகிறேன். கடைசித் துண்டுவரை மொறுமொறுப்பு நிலைக்கும். ஒட்டும் தன்மையுள்ள குட்டை மணி அரிசிச் சோறும், புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பும் இதற்கு வழக்கமான துணை.

மிஞ்சினால், முன்கூட்டியே செய்தால்

விருந்துக்கு முன்கூட்டியே தயார் செய்பவர்கள் பான்கோ பூசிய பச்சைத் துண்டுகளைத் தாள் இட்டு அடுக்கி, காற்றுப் புகாத பெட்டியில் உறையவைக்கலாம். ஒரு மாதம்வரை தரம் கெடாது. பொரிக்கும்போது உறைநிலையைக் களைய வேண்டாம், உருகும் நீர் பான்கோவை நனைத்துவிடும். நேராக 160 டிகிரி எண்ணெயில் இறக்கி, கூடுதலாக மூன்று நான்கு நிமிடம் பொரித்து, நடுப்பகுதி வெந்ததை மட்டும் தவறாமல் உறுதிசெய்யுங்கள்.

பொரித்தது மிஞ்சினால் மைக்ரோவேவில் சூடாக்காதீர்கள், மேலோடு துவண்டுவிடும். 180 டிகிரி ஓவனில் வலைத்தட்டின்மேல் எட்டு முதல் பத்து நிமிடம் வைத்தால் பெரும்பாலான மொறுமொறுப்பு திரும்பும். அல்லது ஜப்பானியர்கள் செய்வதுபோல் சோற்றுக் கிண்ண உணவாக மாற்றலாம். அரைக் கோப்பை தாஷி எனும் ஜப்பானியக் கடற்பாசி, மீன் சாறு அல்லது இலேசான கோழிச்சாற்றில் ஒன்றரை மேசைக்கரண்டி சோயா சாஸும் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையும் கலந்து, நீளவாக்கில் அரிந்த வெங்காயத்தை அதில் வேகவிட்டு, நறுக்கிய கட்சுவை மேலே பரப்பி, இலேசாகக் கலக்கிய இரண்டு முட்டைகளைச் சுற்றிலும் ஊற்றி மூடுங்கள். ஒரு நிமிடத்தில் முட்டை திரண்டதும் அப்படியே சரித்துச் சுடுசோற்றின்மேல் இறக்கிவிடலாம்.